மதுவிலக்கு காலத்து மரப்பீப்பாய்

1920 ஜனவரி 17-ல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. கலிபோர்னியாவில் ஒயின் திராட்சை பயிரிட்டவர்கள் தங்கள் பிழைப்பு போய்விட்டது என்றே நினைத்தார்கள். சிலர் கொடிகளைப் பிடுங்கிவிட்டு வேறு பழமரங்களை நட்டார்கள். ஆனால் நடந்தது நேர்மாறு. திராட்சை விலை தாறுமாறாக ஏறியது!

காரணம் வோல்ஸ்டெட் சட்டத்தின் 29-வது பிரிவு. வீட்டு உபயோகத்துக்காகப் 'போதை தராத' பழச்சாறு தயாரிக்கலாம் என்றது அது. எது போதை தராதது என்று தெளிவாகச் சொல்லவில்லை. நடைமுறையில் ஒரு குடும்பம் வருடத்துக்கு 200 கேலன் (சுமார் 757 லிட்டர்) வரை செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது.

அதற்கான சாமான்களோ மிகச் சில. இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் வீட்டு நிலவறைகளில் அவை முன்பே இருந்தன. பழத்தை நசுக்க, கையால் சுற்றும் உருளை. நசுக்கியதைப் போட்டு வைக்க, வாயகன்ற தொட்டி. பழத்தோலிலேயே ஈஸ்ட் இருப்பதால் அது தானாகவே நுரைக்கத் தொடங்கும். தோல் மேலே மிதந்து வரும், அதை ஒரு கட்டையால் தினமும் உள்ளே அமுக்கிவிட வேண்டும். சில நாள் கழித்து, திருகைச் சுற்றி அழுத்திப் பிழியும் மரக்கூடை. கடைசியில் பீப்பாய். இதில்தான் சிக்கலே. உள்ளே உண்டாகும் கரியமில வாயு வெளியே போக வேண்டும், வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது. வந்தால் மொத்தமும் வினிகர்தான். அதனால் பீப்பாயை நிரம்ப வைத்து, பொங்கி அடங்கும் வரை அடைப்பைத் தளர்வாக வைப்பார்கள்.

சட்டம் தடுத்தது ஒயின் விற்பனையை. திராட்சையை யார் தடுப்பது? வியாபாரம் அப்படியே கச்சாப்பொருளுக்கு மாறியது. நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் ரயில் பெட்டி பெட்டியாகத் திராட்சை போனது. வழியில் அழுகாமல் இருக்கத் தடித்த தோல் வேண்டும். ஆகவே நல்ல ரகங்கள் இருந்த பல இடங்களில் அலிகாண்டே பூஷே வந்தது. ருசி சுமார்தான், ஆனால் சாறு அடர் சிவப்பு. சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி மறுபடி பிழிந்தாலும் நிறம் குறையாது.

பிறகு 'வைன் குளோ' வந்தது. கெட்டியாக்கிய சாற்றைச் சிறு பீப்பாயில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, ஒயினாக ஆகும்வரை கவனித்தும் தந்தார்கள். இதை விற்ற நிறுவனத்தின் வக்கீல் மேபல் வாக்கர் வில்லபிராண்ட். 1929 வரை இதே மதுவிலக்குச் சட்டத்தை அமல்படுத்திய அரசு அதிகாரி அவர்! 1931-ல் அந்த விற்பனை நின்றது.

1933 டிசம்பர் 5-ல் மதுவிலக்கு நீங்கியபோது ஒயின் ஆலைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ரயிலுக்காக நட்ட அந்தத் திராட்சைதான். நல்ல ரகங்கள் மறுபடி பரவலாக வர 1960-கள் தாண்ட வேண்டியிருந்தது.