விதியும் விலக்கும்: டெபியன் வழங்கலில் தர ஆய்வு தானியக்கமான வரலாறு

முன்னுரை

லினக்ஸ் வழங்கல்களுள் பழமையானவற்றுள் ஒன்று டெபியன். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய இத்திட்டம் தன்னார்வலர்களால் நடத்தப்பெறுகிறது. ஒவ்வொரு மென்பொருளையும் நிறுவத்தக்க பொதியாக்கிப் பேணும் பொறுப்பு ஒரு பராமரிப்பாளரையோ குழுவையோ சார்ந்தது. பலர் தனித்தனியே ஆற்றும் பணியில் ஒரே தரத்தைக் காப்பதற்கு டெபியன் கண்ட வழிகளுள் ஒன்று, ஆய்வின் ஒரு பகுதியை இயந்திரத்திடம் ஒப்படைத்தலாகும். அவ்வொப்படைப்பு எதுவரை சென்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விதியிலிருந்து கருவி

எழுதப்படாத விதியை இயந்திரத்தால் சரிபார்க்க இயலாது. கோப்புகள் அமையவேண்டிய இடம், உரிம விவரம், பிற பொதிகளைச் சார்ந்திருக்கும் முறை ஆகியவற்றை வரையறுக்கும் டெபியன் கொள்கைக் கையேடு 1996 முதல் உருப்பெற்றது. அதனை அடியொற்றி 1998இல் லின்டியன் என்னும் கருவி வெளிவந்தது. இது மென்பொருளை இயக்காமல், பொதியைப் பிரித்து அதன் உள்ளடக்கத்தை விதிகளோடு ஒப்பிட்டுப் பிழைகளையும் எச்சரிக்கைகளையும் பட்டியலிடும். கருவி தவறாகக் குறைகூறும் இடங்களில் பராமரிப்பாளர் ஒரு விலக்குக் கோப்பை எழுதிப் பொதியில் சேர்க்கலாம்.

2005இல் தோன்றிய பியுபார்ட்ஸ், பொதியைத் தூய சூழலில் நிறுவி, மேம்படுத்தி, நீக்கிப் பார்த்து எச்சங்களைக் கண்டறிந்தது. 2009இல் லின்டியன் கண்டறியும் குறிப்பிட்ட சில குறைகளுடைய பொதிகளைக் காப்பகமே தானாக மறுக்கத் தொடங்கியது. அக்குறைகள் இரு வகையாகப் பகுக்கப்பட்டன: ஒன்றற்கு விலக்கு உண்டு, மற்றொன்றற்கு இல்லை. அறிவுரையாகத் தொடங்கிய கருவி இவ்வாறு வாயிற்காவலாயிற்று.

எச்சரிக்கையும் பொருளும்

இவ்வளர்ச்சிக்கு இடையே நிகழ்ந்ததொரு பிழை கருதத்தக்கது. 2006இல், தொடக்கமதிப்பு இடப்படாத நினைவகத்தை ஓப்பன்எஸ்எஸ்எல் பயன்படுத்துவதாக வால்கிரைண்ட் என்னும் ஆய்வுக் கருவி எச்சரித்தது. அவ்வெச்சரிக்கையை நீக்கும் பொருட்டு டெபியன் பொதியில் இரு நிரல்வரிகள் விலக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றே தற்போக்கு எண்ணாக்கிக்குக் கணிக்கவியலாத் தன்மையை ஊட்டிவந்த வரி. அதன்பின் எஞ்சிய வேறுபாடு, செயல்முறை எண் மட்டுமே. அதன் உச்ச எல்லை 32,768. ஆகவே மறையாக்கத் திறவுகோல்கள் எளிதில் ஊகிக்கத்தக்கனவாயின. 2008 மே 13 அன்று இக்குறை அறிவிக்கப்படும்வரை ஏறத்தாழ இருபது மாதங்கள் அப்பொதி புழக்கத்தில் இருந்தது.

இங்குக் கருவி பொய்யுரைக்கவில்லை. அதன் கூற்றுக்குக் கொள்ளப்பட்ட பொருளே பிழையானது. பொதியின் வடிவைச் சரிபார்க்கும் கருவிகளுக்கும் இக்குறை புலப்பட்டிருக்க வழியில்லை. ஏனெனில், அம்மாற்றம் கொள்கைக் கையேட்டின் எவ்விதியையும் மீறவில்லை.

முடிவுரை

தானியக்கம் மனிதத் தீர்ப்பை அகற்றவில்லை. அதன் இடத்தை மாற்றியது. எந்த விதியைக் கருவியாக்குவது, எச்சரிக்கைக்கு எப்போது இணங்குவது, எப்போது விலக்களிப்பது என்னும் முடிவுகள் மனிதரிடமே எஞ்சின. அவ்வகையில், விலக்குக் கோப்புகளும் அவற்றில் பராமரிப்பாளர் எழுதும் காரணக் குறிப்புகளும் தொழில்நுட்ப எச்சங்கள் மட்டும் அல்ல. பொது விதிக்கும் தனி நேர்வுக்கும் இடையே மனிதர் அளித்த தீர்ப்புகளின் ஆவணங்களாகும். கணினியியல் வரலாற்றை எழுதுவோர் நிரலோடு அவற்றையும் முதன்மைச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.