ஊராத்துறையும் பேரரசும்

சதுரங்கத்திலே எதிரியின் காயை வெட்டியவன் வலிமை பெறுகின்றான். கடல்வணிகத்திலோ பிறநாட்டு வணிகனின் பொருளை முற்றாகக் கவரும் அரசன் தன் துறைமுகத்தின் வளத்தையே இழப்பான். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) இதனை உணர்ந்திருந்தான் என்பதற்கு அவனது நயினாதீவுத் தமிழ்ச் சாசனம் சான்று பகரும்.

சண்டிலிப்பாய் அமைந்துள்ள வலிகாமம் பண்டே கடல்வணிகத்தொடர்பு உடையது; அயலூராகிய கந்தரோடையில் உரோம நாணயங்கள் கிடைத்துள்ளன. 12ஆம் நூற்றாண்டிலே இப்பகுதி பேரரசுப் போட்டியிலும் சிக்கியது. பாண்டியநாட்டுப் போரிற் சோழரை எதிர்த்த பராக்கிரமபாகு, ஊராத்துறை, வல்லிகாமம் முதலிய இடங்களிற் படைதிரட்டிக் கலங்கள் கட்டுவித்தான் எனச் சோழரின் திருவாலங்காட்டுக் கல்வெட்டுக் கூறுகின்றது. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறையாகும். வல்லிகாமம் வலிகாமமே என்பர்.

அதே ஊராத்துறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்படல் வேண்டுமென அவனது சாசனம் விதிக்கின்றது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற சரக்காயின் இருவருக்கும் செம்பாதி. போருக்கு உதவும் விலங்குகளுக்கே சலுகை மிகுதி என்பது நோக்கற்பாலது. சிங்கள மன்னன் இவ்விதியைத் தமிழிற் பொறித்தமையும் அத்துறையில் வழங்கிய மொழி எதுவென உணர்த்தும்.

ஆகவே, பேரரசுகள் படைவலியால் மட்டும் விரிந்தன எனக் கொள்ளுதல் பொருந்தாது. அப்படைக்குக் குதிரை கொணர்ந்த வணிகனின் நம்பிக்கையும் அரசனுக்கு வேண்டியிருந்தது.