காற்றுக்குக் கதவு போட்ட கதை

ஆடி மாதத்தில் குருவிகுளத்திலிருந்து குற்றாலத்துக்குக் கார் கிளம்புகிறது. கரிசல் காட்டில் ஆடிக்காற்று புழுதியை வாரி இறைக்கிறது, வெயிலும் விட்டபாடில்லை. ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளிக்காற்று உள்ளே வராதபடி ஏசியின் பொத்தானை அமுக்குகிறார். தென்காசியை நெருங்கும்போது சாரல் பிடித்துக்கொள்கிறது. முன்கண்ணாடி முழுக்க ஆவி. இப்போது முகத்துக்குக் காற்று வேண்டாம், கண்ணாடிக்குத்தான் வேண்டும். அதுவும் வெளியிலிருந்து வரும் காற்றாக இருக்க வேண்டும். ஒரே பயணத்தில் இப்படி நேரெதிரான இரண்டு வேலைகளைச் செய்பவை டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் சில பிளாஸ்டிக் கதவுகள். மெக்கானிக்குகள் அவற்றை ஃபிளாப் என்பார்கள். அவற்றைத் திருப்பிவிடும் சின்ன மோட்டாருக்கு ஆக்சுவேட்டர் என்று பெயர்.

கார் ஏசியின் வரலாறு என்றால் கேஸையும் கம்ப்ரஸரையும் பற்றித்தான் பேச்சு எழும். குளிரை உண்டாக்குவது அவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குளிரை எங்கே, எவ்வளவு, யாருக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது இந்தக் கதவு. அதற்கும் நீண்ட வரலாறு உண்டு.

அம்பாசடரிலும் பழைய பியட்டிலும் ஏறியவர்களுக்கு முன்கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடி மறந்திருக்காது. கொக்கியைத் தள்ளிக் கண்ணாடியைத் திருப்பினால், ஓடுகிற வேகத்துக்குக் காற்று நேராக மார்பில் வந்து மோதும். கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினால் பின்சீட்டுக்குப் போகும். காற்றுக்கதவும் அதுவே, அதை அளவு பார்த்து வைக்கும் கருவி ஓட்டுநரின் கை. தமிழ்நாட்டுச் சாலைகளில் பல பத்தாண்டுகள் இதுதான் ஏசி.

அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாடலுக்காகத் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தித் தந்தது. விலை 274 டாலர். குளிர்விக்கும் பகுதி பின்னால் டிக்கியில் இருந்தது. முன்னால் இருப்பவர் இயக்குவதற்கு ப்ளோயர் சுவிட்சைத் தவிர வேறு கட்டுப்பாடு கிடையாது. ஏசியை முழுதாக நிறுத்த வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! குளிரை உண்டாக்கக் கற்றவர்கள் அதை ஆளக் கற்கவில்லை. அந்த வசதி 1941-க்குப் பிறகு நின்றுபோனதில் வியப்பில்லை.

1954-இல் நாஷ் நிறுவனம் ஹீட்டர், குளிர்ச்சி, வெளிக்காற்று மூன்றையும் காரின் முன்பகுதியிலேயே ஒன்றாக இணைத்தது. இன்றைய ஏசிப் பெட்டியின் மூதாதை அதுதான். சூடும் குளிரும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டால் இரண்டையும் பிரிக்கவும் கலக்கவும் நடுவில் கதவு வேண்டும். கதவை அசைக்கக் கம்பியோ கேபிளோ வேண்டும். அடுத்த படி, எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை ரப்பர் குழாய் வழியே கொண்டுவந்து கதவைத் திறந்து மூடுவது. காடிலாக் 1964 மாடலில் உணரிகளை வைத்து, வெப்பநிலையைக் குறித்துவிட்டால் மீதியைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏசியைக் கொடுத்தது. அதிலும் கதவுகளை அசைத்தது வெற்றிடம்தான்.

இந்தியாவின் பாதை வேறு. அம்பாசடருக்கு ஏசி வைத்தவர்கள் பெரும்பாலும் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு தனிப்பெட்டியைத் தொங்கவிட்டார்கள். ப்ளோயருக்கு ஒரு திருகு, குளிருக்கு ஒரு திருகு, கதவென்று எதுவுமில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1985-இல் சுசுகியும் ஜப்பானின் டென்சோவும் பங்குதாரர்களாகச் சேர்ந்த சுப்ரோஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, கார் ஏசி உள்நாட்டுத் தொழிலாக வளர்ந்தது. நடுத்தரக் குடும்பத்தின் காரில் இடவலமாகத் தள்ளும் நெம்புகோல்கள் அறிமுகமாயின. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கேபிள், கேபிளின் முனையில் ஒரு ஃபிளாப்.

அந்தக் கேபிளைச் சரிக்கட்டுவது ஒரு கைவேலை. நெம்புகோலை முழுக் குளிர்ப் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, ஃபிளாப்பை விரலால் அதன் கடைசி எல்லைவரை தள்ள வேண்டும். பிறகு கேபிளின் மேலுறையைத் தொய்வு போகும்வரை இழுத்து கிளிப்பை மாட்ட வேண்டும். ஒரு நூல் தொய்வு இருந்தாலும் கதவு முழுதாகச் சாத்தாது. ஹீட்டர் சூடு இடுக்கு வழியாகக் கசியும்; கேஸ் நிறைய இருந்தும் கூலிங் பற்றாது. தெற்கத்தி வெயிலில் ஹீட்டர் பக்கம் நெம்புகோலைத் தள்ளுபவர் யார்? அசைக்காத கேபிள் துருவேறி இறுகிவிடும். ஹீட்டருக்குப் போகும் தண்ணீர்க் குழாயையே அடைத்துவிடும் வழக்கம் பட்டறைகளில் வந்தது இப்படித்தான்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோவும், அடுத்த ஆண்டு மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகானும் வெளிவந்தன. உதிரிபாகத் தொழிற்சாலைகள் அவற்றைச் சுற்றிப் பெருகின. அன்று ஏசி அமைப்புகள் செய்துவந்த விஸ்டியான் மறைமலைநகரிலேயே ஆலை வைத்தது. ஐடிஐயும் டிப்ளமோவும் முடித்த தென்மாவட்டத்துப் பிள்ளைகள் வேலைக்குப் பஸ் ஏறியது இந்தப் பக்கத்துக்குத்தான். 2005-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட்டின் உயர்ரக மாடலில் தானியங்கி ஏசி கிடைத்தது. நெம்புகோலும் கேபிளும் மெல்ல மறைய, கதவைத் தள்ளும் வேலை மோட்டாரிடம் போயிற்று.

உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா இந்த ஆக்சுவேட்டர். உள்ளே ஒரு சிறு டிசி மோட்டாரும் வரிசையாகப் பல்சக்கரங்களும் இருக்கும். பல வகைகளில், கதவு எங்கே நிற்கிறது என்று சொல்லும் மின்தடைப் பாதையும் உண்டு. அந்தப் பாதைக்கு 5 வோல்ட் கொடுத்தால், கதவு திரும்பத் திரும்ப மூன்றாவது கம்பியில் வோல்ட் ஏறி இறங்கும். வேறு சில வகைகள் மோட்டாரின் சுழற்சித் துடிப்புகளை எண்ணிக் கணக்கு வைக்கும். எதுவானாலும் கட்டுப்பாட்டுக் கருவி முதலில் கதவின் இரு எல்லைகளையும் அறிந்தாக வேண்டும். கதவை ஒரு பக்கம் முட்டும்வரை ஓட்டி அந்த அளவைக் குறித்துக்கொள்ளும். மறுபக்கமும் ஓட்டிக் குறித்துக்கொள்ளும். இதுதான் கேலிபரேஷன். அன்று விரலால் தள்ளி எல்லை பார்த்த அதே வேலை, இன்று எண்களாக நடக்கிறது.

பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ, ஆக்சுவேட்டரை மாற்றினாலோ சில வண்டிகளில் இந்தக் கணக்கு தவறிவிடும். பாதி வண்டி சில்லென்றும் பாதி வண்டி வெக்கையாகவும் இருக்கும். பல்சக்கரம் தேய்ந்திருந்தால் டேஷ்போர்டுக்குள் டிக் டிக்கென்று சத்தம் வரும். கரிசல் புழுதிக்கும் இதில் பங்குண்டு. ஃபிளாப்பின் ஓரத்தில் ஒட்டிய நுரைப்பட்டை நாளாக ஆக உதிரும். அதோடு புழுதியும் சேர்ந்து அடைத்தால் கதவு எல்லைக்குப் போகாமல் பாதியில் நிற்கும். கருவி அந்தப் பாதியையே எல்லை என்று நம்பிவிடும்.

சோதிப்பது பெரிய வித்தையல்ல. ஆக்சுவேட்டரைக் கழற்றி, வண்டியின் மின்வரைபடம் பார்த்து, மோட்டார்க் கம்பிகளுக்கு 12 வோல்ட் கொடுத்தால் ஒரு பக்கம் சுற்ற வேண்டும். கம்பியை மாற்றிக் கொடுத்தால் மறுபக்கம். மின்தடை வகையாக இருந்தால் 5 வோல்ட்டும் கொடுத்து, மூன்றாவது கம்பியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கலாம். வோல்ட் சீராக ஏறினால் நல்லது. நடுவில் எகிறிக் குதித்தால் பாதை தேய்ந்துவிட்டது. எல்லை முட்டியதும் மின்சாரத்தை நிறுத்தத் தவறினால் நல்ல சக்கரமும் பல் போய்விடும். கட்டுப்பாட்டுக் கருவியோடு துடிப்புகளிலோ செய்திகளிலோ பேசும் புதிய வகைகளைச் சோதிக்க ஸ்கேனர் வேண்டும். திரும்ப மாட்டியபின் ஸ்கேனரிலோ, அந்த மாடலின் கையேடு சொல்லும் முறையிலோ எல்லையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அது ஓடி முடியும்வரை எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது.

இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுவதால்தான் வீண் செலவு வருகிறது. கூலிங் இல்லை என்றதும் கேஸ் ஏற்றுவது, அதிலும் சரியாகாவிட்டால் டேஷ்போர்டையே இறக்குவது என்று போகும் பட்டறைகள் நிறைய. இறக்கிய டேஷ்போர்டு பழைய இறுக்கத்தோடு திரும்ப ஏறுவது அரிது. கடகட சத்தம் அன்றிலிருந்து தொடங்கும்.

இது கார்களோடு நிற்கப்போவதில்லை. 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்கு 2025 முதல் ஏசி கட்டாயம். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஏற்றும் லாரி ஓட்டுநருக்குக் காலம் தாழ்ந்து கிடைத்த நியாயம் அது. அந்த லாரிகளும் சில ஆண்டுகளில் நம்மூர்ப் பட்டறைகளுக்குத்தான் வரும். பேட்டை ஐடிஐ முதல் தென்காசி ஐடிஐ வரை மோட்டார் வாகனப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளின் கையில் கேஸ் மீட்டரோடு ஆக்சுவேட்டரையும் மல்டிமீட்டரையும் கொடுத்துப் பழக்க வேண்டும். வண்டி வைத்திருப்பவர்களும், டேஷ்போர்டை இறக்கச் சம்மதிக்கும் முன், “ஃபிளாப் மோட்டாரைச் சோதித்தீர்களா, கேலிபரேஷன் ஓட்டிப் பார்த்தீர்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.