தலைப்புப் பக்கத்தில் ஒரு பெயர்

நம் மன்றத்தின் மாதக் கூட்டமொன்றில் பெண்பாற் புலவர்களைப் பற்றி உரையாற்றி நான் அமர்ந்தபோது, மேற்கு மாம்பலத்தைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “ஔவையாரைச் சொன்னீர்கள், ஆண்டாளைச் சொன்னீர்கள். அச்சு வந்த பிறகு பெண்கள் எங்கே போனார்கள் அம்மா?” என்று வினவினார். வை.மு. கோதைநாயகி அம்மாளின் பெயரைச் சொன்னேன். அவர் அமரவில்லை. “அது 1924. அதற்கு முன்னர்?” என்றார்.

அதற்கு முன்னர் ஒருவர் இருந்தார் என்பதை நான் அறிவேன். அறிந்தும், தொடக்ககாலத் தமிழ் நாவலைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவர் எழுதியது ஆங்கிலத்தில். என் துறை தமிழ். எல்லைக்கோடு அவ்வளவு தெளிவாக இருக்கையில் மேலும் சிந்திக்க வேண்டிய தேவை அன்று எனக்குத் தோன்றவில்லை. மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டபோது, அன்று முழுமையாகச் சொல்லாத விடையை இங்கே எழுதிவிடலாம் என்று எண்ணினேன்.

ஆங்கில நாட்டிலிருந்தே தொடங்குவோம். அங்கும் பெண்ணின் பெயர் அச்சேறியது நேர்கோட்டில் நடந்த வளர்ச்சியன்று. எழுதிப் பொருளீட்டிய அஃப்ரா பென் 1688-லேயே தம் பெயரால் ‘ஒரூநோகோ’வை வெளியிட்டார். ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து, 1811-இல், ஜேன் ஆஸ்டின் தம் முதல் நாவலை வெளியிட்டபோது அதன் தலைப்புப் பக்கத்தில் இருந்தது ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்னும் குறிப்பே. அவர் வாழ்ந்த காலத்தில் வந்த எந்த நாவலிலும் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. 1817-இல் அவர் மறைந்த பின் உடன்பிறந்தவர் ஹென்றி எழுதிச் சேர்த்த வாழ்க்கைக் குறிப்பே அவரை இன்னார் என்று வெளிப்படையாக உலகுக்கு அறிவித்தது. பிராண்டி சகோதரியர் மூவரும் ஆணோ பெண்ணோ என்று துணிய இயலாத புனைபெயர்களைப் பூண்டனர். 1847-இல் ‘ஜேன் அயர்’ வந்தபோது ஆசிரியர் பெயர் கரர் பெல் என்றிருந்தது. பெயரைக் காட்டுவதில் பென் பெற்றிருந்த துணிவு அவருக்குப் பின்வந்தோர்க்கு மரபுரிமையாகக் கிட்டவில்லை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

இனி நம் நகரத்திற்கு வருவோம். கிருபாபாய் 1862-இல் மராத்திய நாட்டு அகமதுநகரில் பிறந்தவர். அவர்தம் பெற்றோர் அந்தணக் குலத்திலிருந்து கிறித்தவம் தழுவியோர். மருத்துவம் பயில இங்கிலாந்து செல்லும் வாய்ப்பு அவருக்கு வந்தது. உடல்நலம் அதற்கு இடந்தரவில்லை. ஆகவே சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. 1878-இல் சேர்ந்த கிருபாபாய் முதலாண்டில் சிறப்பாகத் தேறினார். ஆனால் உடல் மீண்டும் நலிவுறப் படிப்பு நின்றது. சென்னையில் அவர் தங்கியிருந்தது சிந்தாதிரிப்பேட்டைச் சீயோன் ஆலயத்துப் போதகர் டபிள்யூ.டி. சத்தியநாதனின் இல்லத்தில். அவர் மகன் சாமுவேலை 1881-இல் மணந்து உதகமண்டலம் சென்றார். அங்கே இசுலாமியச் சிறுமியர்க்கு ஒரு பள்ளி நடத்தினார். தோடர்களைக் கண்டு வந்ததைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். அக்கட்டுரையின் கீழ் அவர் இட்ட கையொப்பம்: ‘ஓர் இந்தியப் பெண்மணி’.

ஆஸ்டினின் ‘ஒரு பெண்மணி’க்கும் இந்த ‘இந்தியப் பெண்மணி’க்கும் இடையே எழுபது ஆண்டுகள். இடையில் சேர்ந்தது ‘இந்திய’ என்னும் ஒரு சொல். எனினும் அச்சொல் வேறொரு வேலையைச் செய்கிறது. ஆஸ்டினுக்கு அக்குறிப்பு ஒரு திரை. கிருபாபாய்க்கோ, இங்கும் எழுதத் தெரிந்த பெண் இருக்கிறாள் என்று ஆங்கிலம் படிப்போர்க்கு அறிவிக்கும் பலகையாகவும் அது அமைந்தது எனலாம். மறைத்தலும் காட்டுதலும் ஒரே கையொப்பத்தில்!

1887, 1888 ஆண்டுகளில் ‘சகுணா’ சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. இன்று தாம்பரத்திலுள்ள அக்கல்லூரி அந்நாளில் பாரிமுனைப் பக்கம் இருந்தது. ‘சகுணா’ பெரும்பாலும் தன்வரலாறு. மதம் மாறிய குடும்பத்துப் பெண்ணின் கதை என்பதால் சமயப் பரப்புரையாக இருக்கும் என்று எண்ணியே நான் நூலைத் திறந்தேன். ஆனால் நூலின் உயிர்ப்பான பகுதி, கணவன் மதம் மாறத் தான் மனம் மாறாமல் கலங்கும் இளம் மனைவி இராதாவைப் பற்றியது. தம் தாயின் அத்துயரைக் கிருபாபாய் குறைத்துக் காட்டவில்லை. அடுத்த நாவல் ‘கமலா’ இந்துக் குடும்பத்துக் கதை. சிறுவயதில் மணமாகி, மாமியார் இல்லத்தில் துன்புற்று, கைம்பெண்ணாகும் கமலாவை, அவள்பால் அன்பு கொண்ட மருத்துவன் மணக்க வேண்டுகிறான். அவள் மறுத்து அறப்பணியை மேற்கொள்கிறாள். மறுமணத்தில் கதை முடிந்திருந்தால் சீர்திருத்தவாதிகள் மகிழ்ந்திருப்பர். அப்பெண்ணால் அங்ஙனம் செய்ய இயலாது என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார். அம்முடிவு எனக்கு உவப்பில்லை. ஆனால் உண்மையானது என்று கொள்கிறேன்.

இந்நூல்கள் எழுதப்பட்ட சூழலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவருடைய குழந்தை ஓராண்டு நிறைவதற்குள் இறந்தது. நுரையீரல் நோய் அவரை வாட்டியது. 1894 ஆகஸ்டு 3-ஆம் நாள் குன்னூரில் அவர் மறைந்தபோது வயது முப்பத்திரண்டு. அவ்வாண்டிலேயே ‘கமலா’வும் மறு ஆண்டில் ‘சகுணா’வும் சென்னையில் நூல்வடிவம் பெற்றன. ‘கமலா’வின் முகப்பில் திருமதி கிரிக் என்னும் ஆங்கில மாது எழுதிய வாழ்க்கைக் குறிப்பு இடம்பெற்றது. ஆஸ்டினுக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்தது: இறந்த பிறகே அறிமுகம்.

1894 என்னும் ஆண்டினை நம் மன்றத்துக் கவிஞர்கள் வேறொரு காரணத்தால் அறிவர். உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்து வெளியிட்ட ஆண்டு அது. ஔவையார், ஒக்கூர் மாசாத்தியார், நக்கண்ணையார், கோப்பெண்டு என்னும் பெயர்கள் ஏட்டிலிருந்து அச்சிற்கு ஏறின. ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட பெண்கள் தத்தம் பெயரோடு சென்னை அச்சகத்திலிருந்து வெளிவந்த அதே ஆண்டில்தான், அந்நாளைய பெண் ஒருவரின் நூலும் இந்நகரில் வெளிவந்தது. முன்னதைக் கொண்டாடக் கற்றோம். பின்னதை நம்முடையது என்று எண்ணவே இல்லை.

ஆங்கில நூல்தானே, அது நம்முடையது எவ்வாறாகும் என்று கேட்கலாம். அதற்கு இரண்டு மறுமொழிகள் என்னிடம் உண்டு. ‘சகுணா’ 1896-இல் தமிழிலும் வெளிவந்தது. பி.ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’, ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்து முடிந்து, நூலானதும் அதே 1896-இல்தான். ஆகவே ஒரு பெண்ணின் வாழ்வைப் பெண்ணே எழுதிய நாவலைத் தமிழில் படிக்கும் வாய்ப்பு, நாம் முன்னோடி என்று போற்றும் நூல் வந்த ஆண்டிலேயே தமிழர்க்குக் கிட்டிவிட்டது. மொழிபெயர்ப்பு என்பதால் அதனை மூல இலக்கியத்தோடு வைக்க வேண்டாம். பக்கத்து அறையிலாவது வைக்கலாமே. மற்றொன்று: கிறித்தவக் கல்லூரியில் பயின்ற அ. மாதவையா ‘தில்லை கோவிந்தன்’, ‘கிளாரிந்தா’ முதலிய நாவல்களை ஆங்கிலத்திலேயே எழுதினார். அவற்றை நம் இலக்கிய வரலாறுகள் மறவாமல் குறிப்பிடுகின்றன. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவர் என்பதால் அவருடைய ஆங்கிலத்திற்கும் இங்கே இடம் கிடைத்தது. இரு மொழியிலும் எழுதும் கல்வி ஆணுக்கு எளிதில் வாய்த்தது. கிருபாபாய்க்குத் தாய்மொழி மராத்தி, கல்விமொழி ஆங்கிலம். தமிழ் புகுந்த வீட்டு மொழி.

அந்தப் புகுந்த வீட்டைப் பற்றியும் கூற வேண்டும். மாமியார் அன்னாள் சத்தியநாதன் பெண்கல்விக்காகப் பாடுபட்டவர். குழந்தை வளர்ப்பைப் பற்றி ‘நல்ல தாய்’ என்னும் தமிழ் நூலை எழுதியவர். கிருபாபாய் மறைந்தபின் சாமுவேல் மணந்த கமலா, ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 1898-இல் வந்த ‘இந்தியக் கிறித்தவ வாழ்க்கைக் கதைகள்’ நூலில் கணவர் பெயரோடு சேர்ந்தே அவர் பெயர் அச்சாயிற்று. 1901-இல் அவர் சென்னையிலிருந்து ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்னும் ஆங்கிலத் திங்களிதழைத் தொடங்கினார். அப்போது பெயர் ஆசிரியர் என்னும் பொறுப்போடு நின்றது. 1906-இல் கைம்மை எய்திய பின்னும் இதழை விடாது நடத்தினார். சரோஜினி நாயுடு அதில் எழுதினார். வங்கத்து ரொக்கையா அம்மையாரின் ‘சுல்தானாவின் கனவு’, ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கப் பெண்கள் நாடாளும் அந்த வியத்தகு கதை, 1905-இல் முதன்முதலில் அச்சேறியது இச்சென்னை இதழில்தான். இதனை நான் வகுப்பில் கூறியபோது மாணவியர் நம்ப மறுத்தனர்!

திருவல்லிக்கேணிக் கோதைநாயகியின் கதை நீங்கள் அறிந்ததே. எழுதப் பழகாத நிலையில், தோழி பட்டம்மாள் எழுதிக்கொள்ள, தாம் சொல்லச் சொல்ல உருவான ‘இந்திரமோகனா’ நாடகம் 1924-இல் வெளிவந்தது. மறு ஆண்டில் ‘ஜகன்மோகினி’ இதழ் அவர் கைக்கு வந்தது. அச்சில் அவர் பெயர் முழுமையாகவே நின்றது. முன்னெழுத்துகளான ‘வை.மு.’ மட்டும் புகுந்த வீட்டுக்குரியவை.

கிருபாபாயின் இரு ஆங்கில நாவல்களையும் சாந்தனி லொக்குகே பதிப்பிக்க, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 1998-இல் மீண்டும் வெளியிட்டது. வினாத் தொடுத்த உறுப்பினருக்கு என் படிகளைக் கொடுத்தேன். ‘கமலா’வை முடித்துவிட்டு, அவள் மறுமணத்தை மறுத்தது சரியா என்று தொலைபேசியில் என்னோடு அரைமணி நேரம் வாதிட்டார். ‘சகுணா’ இன்னும் அவரிடமே உள்ளது. வரும் பருவத்தில் அது எனக்குத் தேவைப்படும். நாவல் இலக்கியத் தாளில் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை நடத்தி முடிக்கும் மறுநாளைய வகுப்பைச் ‘சகுணா’வுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன்.