கோயில் மணியிலிருந்து மக்கள் வானொலி வரை

பங்கு ஜூபிலி மலரில் வானொலியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். சற்றுப் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன். கடிகாரம் இல்லாத காலத்தில் நம் முன்னோருக்கு வானொலியாக இருந்தது கோயில் மணியே. திரிகால மணி கேட்டால் சிலுவை வரைந்தார்கள். சாவு மணி கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு, யாரோ எவரோ என்று தெருவுக்கு வந்தார்கள். ஊருக்கெல்லாம் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்லும் வேலையை அது செய்தது. ஆனால் மணியடிப்பவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் கேட்பவர்கள். பின்னாளில் வந்த வானொலியும் நெடுங்காலம் அப்படியேதான் இருந்தது.

1931-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் வத்திக்கான் வானொலியைத் தொடங்கி வைத்தார். கருவிகளை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனியே. பாப்பரசரின் குரலை உலகத்தார் கடல் கடந்து கேட்டது அதுவே முதல் முறை. 20 ஆண்டுகள் கழித்து, 1951 ஜனவரி 12-ல் 12-ம் பத்திநாதர், கபிரியேல் சம்மனசானவரைத் தொலைத்தொடர்புத் துறையினரின் பாதுகாவலராக அறிவித்தார். பொருத்தமான தெரிவுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாசரேத்தூருக்குச் செய்தி கொண்டுவந்த கபிரியேல், செய்தியைச் சொன்னவுடன் போய்விடவில்லை. மரியாயின் கேள்விக்கு விடை கூறி, அவருடைய சம்மதத்தைக் கேட்ட பிறகே அகன்றார். நம் வானொலிப் பெட்டிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது பேசும், நாம் கேட்போம், அவ்வளவுதான்.

நமது புதுவையில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்தபோது, பக்கத்துச் சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் அகில இந்திய வானொலி நிலையங்கள் வந்துவிட்டன. புதுவைக்குச் சொந்த நிலையம் கிடைத்தது 1967 செப்டம்பர் 23-ல்தான். அதே ஆண்டு மே 7-ஆம் நாள் திருச்சபை முதன்முதலாக உலகச் சமூகத் தொடர்பு நாளைக் கொண்டாடியது என்பதையும் சேர்த்து நினைக்கலாம். தேநீர்க் கடைகளில் என்னவோ இலங்கை வானொலிக்குத்தான் மவுசு. வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 1980-களின் நடுவில்தான் அத்தொல்லை நீங்கியது. ஆகவே பெட்டி உள்ள வீட்டுத் திண்ணையே தெருவுக்குச் சபை. பெட்டி ஒருவருடையது, கேள்வி ஊருடையது.

அப்படிக் கூடிக் கேட்பதையே ஒரு பெரும் பணியாக மாற்றிக் காட்டியவர் தென் அமெரிக்காவில் ஓர் இளம் குருவானவர். கொலம்பியா நாட்டில் சுத்தத்தென்சா என்ற மலையூருக்கு 1947-ல் உதவிக் குருவாக வந்த வண. ஹோசே ஹோவாக்கின் சல்செதோ, எழுத்தறியாத குடியானவர்களுக்காக ஒரு சிறு வானொலி நிலையம் அமைத்தார். குடியானவர்கள் வீடுகளில் கூடினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த அயலார் ஒருவர், வானொலி சொல்லச் சொல்லப் பலகையில் எழுதிக் காட்டினார். எழுத்து, கணக்கு, உழவு, உடல்நலம், வேதபாடம் எல்லாம் இவ்வழியே சென்றன. கேட்டவர்கள் எழுதிய கடிதங்கள் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல். மக்கள் வானொலியின் தாயகம் என்று பலரும் சுட்டுவது இவ்வூரையே. ஆனாலும் ஒலிவாங்கி நிலையத்தாரிடமே இருந்தது. மக்கள் கையில் இருந்தது பேனா மட்டும்.

நமக்கு நெருக்கமானது வேரித்தாஸ். 1958-ல் மணிலாவில் கூடிய தென்கிழக்கு ஆசிய மேற்றிராணிமார்களின் ஆலோசனையில் கருவாகி, 1969-ல் அந்நகரிலிருந்தே ஒலிக்கத் தொடங்கிய நிலையம் அது. 1970 நவம்பரில் அங்கு வந்த பாப்பரசர் 6-ம் சின்னப்பர், அதன் வழியாகவே ஆசிய மக்களுக்குச் செய்தி விடுத்தார். 1986 பிப்ரவரி 22-ஆம் நாள் கர்தினால் ஹைமே சின் இதே வானொலியில் மக்களை வீதிக்கு அழைத்ததும், செபமாலையோடு வந்தவர்கள் இராணுவ வண்டிகளை மறித்து நின்றதும், மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடியதும் உலகம் அறிந்தவை.

தமிழ் ஒலிபரப்பைக் கேட்பது சாமானிய வேலையல்ல. சிற்றலையில் ஊசியை மயிரிழை நகர்த்தினால் சீன மொழி வந்துவிடும். மழை நாளில் இரைச்சல் அள்ளிக்கொண்டு போகும். பெட்டியின் பின்னே செப்புக் கம்பியைக் கட்டி, அதைக் கொல்லையில் முருங்கை மரத்துக்கு இழுத்து வைத்தவர்கள் நம்மில் உண்டு. கேட்டதை இத்தனை மணிக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்டோம் என்று எழுதிப் போட்டால், மணிலாவிலிருந்து ஒரு வண்ணப்பட அட்டை வரும். அந்த அட்டைக்காகவே தபால்காரரை எதிர்பார்த்து நின்ற பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் புதுவையிலும் நேயர் மன்றங்கள் தோன்றின. ஆண்டுக்கொரு முறை அவர்கள் கூடும் விழாக்களில், குரலால் மட்டுமே அறிந்த அறிவிப்பாளரை நேரில் பார்த்து, “இவ்வளவு ஒல்லியா நீங்கள்!” என்று வியந்தவர்களும் உண்டு. இந்துக்களும் இசுலாமியரும் நேயர்களாக இருந்தார்கள். அக்கூட்டங்களில் பேசியவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர். தையற்காரர், பீடி சுற்றுகிறவர், பள்ளிக்கூட ஆயா. தம் வாழ்வில் முதல் முறையாக ஒலிவாங்கி முன் நின்றவர்கள் அவர்கள். என் பார்வையில் நேயர் விழாக்களின் பெருஞ்சிறப்பு அதுவே. 2018 ஜூன் 30-ஆம் தேதியோடு வேரித்தாஸின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. பணி இணையத்துக்கு மாறியது. முருங்கை மரத்துக் கம்பிக்கு வேலை போயிற்று.

இதற்கிடையே நம் நாட்டுச் சட்டத்திலும் ஒரு கதவு திறந்தது. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை பற்றிய ஒரு வழக்கில், 1995 பிப்ரவரி 9-ல் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் அரசின் தனிச்சொத்து அல்ல, பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. விளையாட்டு வழக்கில் பிறந்த பெரிய உரிமை! 2002-ல் கல்வி நிலையங்களுக்கும், 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி நடத்த வழி பிறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் 2004 பிப்ரவரி 1-ல் தொடங்கியது. 2008 அக்டோபர் 15-ல், அன்றைய ஆந்திராவின் மாச்னூர் கிராமத்தில் தலித் பெண்களே நடத்தும் சங்கம் வானொலி பேசத் தொடங்கியது.

ஆனால் இந்த உரிமங்கள் வருவதற்கு முன்பே, புதுவை மண்ணில் அதே காரியம் வேறு உருவில் நடந்துவிட்டது. நம்மில் பலர் அறியாதது. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், லூர்து அன்னையின் திருத்தலம் உள்ள நமது வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி எட்டாத ஊர்களுக்குச் செய்தி வானலையில் சென்றது. முதலில் சேர்ந்த ஊர்களில் கீழூரும் ஒன்று. 1954 அக்டோபர் 18-ல் புதுவையின் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்த அதே கீழூர்தான். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே நிலையம் நடந்தது, நடத்தியவர்கள் பெண்கள். இடம் கொடுப்பதும் ஆள் கொடுப்பதும் ஊரார் பொறுப்பு.

வீராம்பட்டினத்தில் மீனவர்கள் கேட்டது ஒன்றே: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, தமிழாக்கி, கரையோர ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திக் கேட்டார்கள். அறிவிப்பவர் ஊர்ப்பிள்ளை, பிழையாகச் சொன்னால் மறுநாள் கரையில் பதில் சொல்லியாக வேண்டும். ஆகாசவாணியில் அறிவிப்பவருக்கு அந்த அச்சம் ஏது?

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நம்மில் பலர் திருப்பலியில் இருந்த காலை. சிங்கப்பூரில் வேலை செய்த நல்லவாடு ஊர் இளைஞர் ஒருவர், கடல் பொங்குவதைத் தொலைக்காட்சியில் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள் தண்ணீர் நுழைவதாகச் சொன்னார்கள். ஓடுங்கள், ஊரையும் எழுப்புங்கள் என்றார் அவர். வீட்டார் தகவல் நிலையத்துக்கு ஓட, பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவிப்புக் கொடுத்தார்கள். படகுகளும் வீடுகளும் போயின. ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள். பழக்கப்பட்ட குழாயில் பழக்கப்பட்ட குரல் கேட்டதால்தான், ஏன் எதற்கு என்று நின்று வாதாடாமல் ஓடினார்கள் என்று நான் கருதுகிறேன். அறிமுகமில்லாத குரல் அதையே சொல்லியிருந்தால் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

பிறகு காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியான புதுவை வாணி 107.8 அலைவரிசையில் வந்தது. பாம்பனில் 2016 ஆகஸ்டு 15-ல் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை வானொலி பிறந்தது. இத்தகைய நிலையங்களின் ஒலி சுற்றுவட்டாரத்தைத் தாண்டாது. அது குறையன்று. பங்கு ஆலய மணியும் அடுத்த பங்குக்குக் கேட்பதில்லையே. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வீசியபோது மின்சாரம் நாட்கணக்கில் போய், மின்கலத்தில் ஓடிய சிறு வானொலிப் பெட்டியே பல வீடுகளுக்குத் துணையாயிற்று என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிப்ரவரி 13-ஐ உலக வானொலி நாளாக யுனெஸ்கோ 2011-ல் அறிவித்தது. அந்நாளில் விழாக்கள் நடக்கின்றன, நல்லதே. ஆனால் சில மேடைகளைப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை. பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை என்றே பொழுது போய்விடுகிறது. நேயருக்குக் கடைசி வரிசை. நேயர் பேசாத வானொலி விழா, மணமகள் இல்லாத மன்றல் போன்றது. பழைய வேரித்தாஸ் சந்திப்புகளில் அப்படி இருந்ததில்லை.

ஜூபிலிப் பெருவிழா நாளன்று பங்கு மண்டபத்தில் ஒரு சிறு கண்காட்சி வைக்க எண்ணியுள்ளோம். மணிலாவிலிருந்து வந்த அட்டைகள், நேயர் மன்றக் கூட்டப் படங்கள், பழைய வானொலி உரிமப் புத்தகங்கள், ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெட்டிகள் யாரிடமேனும் இருந்தால் பங்கு அலுவலகத்தில் கொடுத்து உதவ வேண்டுகிறோம். விழா முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தரப்படும். கொண்டுவருகிறவர்கள் இரண்டு நிமிடம் உட்கார்ந்து அந்தக் கதையைத் தம் குரலிலேயே சொல்லிவிட்டுப் போகும்படி, இளைஞர்கள் பதிவுக் கருவியோடு காத்திருப்பார்கள்.