டயர் ரப்பர்: பினாங்கும் மலாயாவின் ஆராய்ச்சியும்

டயர் ரப்பர் என்பது, மரத்திலிருந்து வடியும் பாலிலிருந்தோ எண்ணெயிலிருந்து இரசாயன முறையிலோ பெறப்படும் ரப்பரைக் கரிப்பொடி, சிலிக்கா, கந்தகம் முதலிய வஸ்துக்களோடு பிசைந்து, அச்சிலிட்டுச் சூட்டில் பதப்படுத்தி, வாகனச் சக்கரங்களின் காற்றடைத்த வளையமாக ஆக்குவதற்குரிய கலவையாகும். உலகில் விளையும் இயற்கை ரப்பரில் சுமார் 70 விழுக்காடு இதற்கே செலவாகிறது. இக்கலவையைத் திருத்தும் ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் அமெரிக்காவின் அக்ரன் நகரையும் பிரான்ஸின் கிளர்மோன் பெரான் நகரையும் முதன்மையாகச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். ஆயினும், மூலப்பொருளை விளைவித்த மலாயாவும், அதன் வடபகுதி ரப்பர் கப்பலேறிய பினாங்குத் துறைமுகமும், பின்னாளில் அத்தீவில் எழுந்த பல்கலைக்கழகமும் இத்துறைக்கு அளித்தவை தனித்து எழுதத்தக்க சிறப்புடையன.

பினாங்கைச் சேர்ந்த நிலப்பகுதியான செபராங் பிறையில், கலிடோனியா முதலிய பெருந்தோட்டங்களில் முதலில் விளைந்தது கரும்பு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஜெரெஜாக் தீவின் தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்து, அதன்பின் கரையேறிய தமிழ்த் தொழிலாளரே அத்தோட்டங்களின் உயிர்நாடியாக இருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகவே கரும்பு அழிக்கப்பட்டு ரப்பர் தரும் பால்மரம் நடப்பட்டது. விடியுமுன் நிரைக்குச் சென்று பட்டையைச் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குச் சுமந்த அதே கரங்கள் உலகின் சாலைகளை ஓடவைத்தன. கெடாவிலும் வட பேராக்கிலும் விளைந்த ரப்பரும் ரயிலேறிப் பிறைக்கும் பட்டர்வொர்த்துக்கும் வந்து, ஜார்ஜ் டவுன் வணிகர்களின் கிடங்குகளில் புகையூட்டிய தாள்களாக அடுக்கப்பட்டுக் கப்பலேறிற்று.

டயரின் தரம் மூன்று குணங்களைப் பொறுத்தது: தேயாமல் நெடுநாள் உழைப்பது, நனைந்த சாலையில் வழுக்காமல் பற்றுவது, உருளும்போது எஞ்சினின் சக்தியை வெப்பமாக வீணாக்காமல் இருப்பது. இவற்றுள் ஒன்றை உயர்த்த முயன்றால் மற்றொன்று தாழ்வதே பொது நியதி. உருளும் டயர் ஒரு நொடியில் சில பத்து முறைகளே நெளிந்து நிமிர்கிறது. பிரேக் பிடித்து வழுக்கும் நொடியிலோ, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்கள் அதன் மேற்பரப்பைப் பல்லாயிரம் மடங்கு வேகத்தில் குத்தி அசைக்கின்றன. வேகமான அசைவும் குளிர்ந்த நிலையும் ரப்பருக்கு ஒரே விளைவைத் தருவதால், ஆராய்ச்சிக்கூடத்தார் 60 பாகை வெப்பத்தில் சக்தி விரயம் குறைவாகவும், 0 பாகையில் மிகுதியாகவும் காட்டும் கலவையைத் தேடுகின்றனர். ஒரே பொருளிடம் நேர்மாறான இரு குணங்களை எதிர்பார்க்கும் இக்கடினமான கோரிக்கையே சென்ற நூறாண்டு ஆராய்ச்சியின் சாரம் எனலாம்.

பால்மரத்தின் ரப்பர், ஐசோபிரீன் என்னும் சிறு அணுக்கூட்டங்கள் ஆயிரக்கணக்கில் ஒரே ஒழுங்கில் கோத்த நெடுஞ்சங்கிலியாகும். அவ்வொழுங்கின் பயனாக, இழுக்கப்படும்போது சங்கிலிகள் நெருங்கிப் படிகமாகி, கிழியத் தொடங்கிய இடத்திலேயே வலுவைக் கூட்டிக்கொள்கின்றன. விமானங்களின் டயர்களிலும் பாரமேற்றும் லாரிகளின் டயர்களிலும் இன்றளவும் இயற்கை ரப்பரே முதன்மை பெறுவதற்கு இதுவே காரணம். சார்லஸ் குட்இயர் 1839 ஆம் ஆண்டு கண்ட கந்தகப் பதம் இச்சங்கிலிகளைப் பிணைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரிப்பொடி சேர்க்கும் வழக்கம் வந்தபின் தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. நூறு பங்கு ரப்பருக்கு ஐம்பது பங்களவு கரி என்பது தரைதொடும் பகுதிக்குரிய கலவையில் சாதாரணம். டயர் கறுப்பாயிருப்பதும் அதனாலேயே.

1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசிப் பினாங்கைக் கைப்பற்றியதும், தொடர்ந்து மலாயா முழுவதும் வீழ்ந்ததும், மேல்நாடுகளின் ரப்பர் வரத்தைத் துண்டித்தன. அந்நெருக்கடியில் அமெரிக்க அரசு பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகிய இரண்டையும் இணைத்துப் பேரளவில் செயற்கை ரப்பர் உண்டாக்கிற்று. சமாதானம் வந்தபின்னும் அது விலகவில்லை. ஈரச் சாலையில் நன்கு பற்றுவதாலும், வந்திறங்கும் ஒவ்வொரு மூட்டையும் ஒரே தரமாயிருப்பதாலும் கார் டயர்களை அதுவே பிடித்துக்கொண்டது.

இயற்கை ரப்பரின் தரம் ஒருமையற்றது என்ற குற்றச்சாட்டுக்கு மலாயா அளித்த விடை, 1925 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து வந்தது. 1929 இல் சிலாங்கூரில் பிறந்து, 1966 இல் அக்கழகத்தின் முதல் மலேசிய இயக்குநரான பாலசந்திர சக்கிங்கல் சேகர் அதன் நடுநாயகர். கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் ரப்பர் நாளுக்கு நாள் இறுகிவிடும். அனுப்பியபோது இளகியிருந்த மூட்டை, கடல் கடந்து ஆலைக்குப் போய்ச் சேரும்போது கல்லாகி நிற்கும். ஆலைக்காரர் அதனைக் கனத்த உருளைகளுக்கிடையே நெடுநேரம் அரைத்து இளக்கிய பின்பே கரியையும் கந்தகத்தையும் கலக்க முடியும். அதற்கான மின்சாரமும் நேரமும் அவர் கணக்கில் நஷ்டமாயின. சங்கிலிகளில் ஆங்காங்கே ஒட்டியுள்ள அந்நியமான இரசாயனக் கூறுகள் தமக்குள் பிணைவதே இந்த இறுக்கத்துக்குக் காரணமெனத் தெளிந்த சேகர், ஹைட்ராக்சிலமீன் உப்பைச் சிற்றளவு சேர்த்து அக்கூறுகளை முன்னரே அடைத்துவிட்டால் இறுக்கம் நின்றுபோகும் எனக் காட்டினார். பால் கட்டியை ஆமணக்கெண்ணெயின் துணையால் பொடியாக உதிர்த்து, விரைவில் உலர்த்தி, சதுர மூட்டைகளாக அழுத்தும் முறையும், 1965 இல் வகுக்கப்பட்ட மலேசியத் தரப்படுத்திய ரப்பர் திட்டமும் அவர் காலத்தவை. கண்ணால் பார்த்துத் தாளின் நிறத்தைக்கொண்டு விலை பேசிய பழைய வியாபாரத்துக்கு மாறாக, அழுக்கு, சாம்பல், ஆவியாகும் பொருள் ஆகியவற்றின் அளவைச் சோதித்துச் சான்றளித்த இத்திட்டத்தின் வழியேதான் இயற்கை ரப்பர் டயர் ஆலைகளில் தன் மதிப்பைக் காத்துக்கொண்டது. 1973 ஆம் ஆண்டு சேகருக்கு மகசேசே விருது கிடைத்தது. தோட்டத் தொழிலின் வயிற்றில் அடிக்கவிருந்த செயற்கை ரப்பரை அறிவினால் எதிர்த்து நின்ற அவருடைய உழைப்பு, தமிழ்ப் பாடநூல்களில் இன்னும் இடம்பெற வேண்டியதாகும்.

இதற்கு அடுத்த படி, மரத்தின் பாலையே மாற்றியமைப்பது. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டு அருகே பிரிக்கண்டன்பரியில், இன்று துன் அப்துல் ரசாக் பெயர் தாங்கி நிற்கும் மலேசிய ஆராய்ச்சி நிலையத்தில், 1980-களில் எப்பாக்சி ஏற்றிய இயற்கை ரப்பர் செம்மையாக வகுக்கப்பட்டது. தோட்டத்து ஸ்டோரில் பாலை உறையவைக்க அன்றாடம் ஊற்றும் ஃபார்மிக் அமிலமே இங்கும் வருகிறது. ஆனால், பால் திரிந்துவிடாதபடி காக்கும் பொருளொன்றை முதலில் கலந்து, அமிலத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்துச் சுமார் 60 பாகைச் சூட்டில் வைத்தால், சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜன் ஏறி எப்பாக்சி எனப்படும் முக்கோண வளையங்களாக அமைகிறது. நூற்றுக்கு 25 அல்லது 50 பிணைப்புகளில் ஏற்றுவது வழக்கம். ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் ரப்பர் விறைக்கும் வெப்பநிலை சுமார் ஒரு பாகை உயர்வதால், சாதாரண ரப்பருக்குச் சுழியத்துக்குக் கீழ் 70 பாகையாயிருந்தது, பாதியளவு ஏற்றிய ரப்பரில் கீழ் 20 பாகையை நெருங்குகிறது. நனைந்த சாலையில் பற்றுதல் அதற்கேற்பக் கூடுகிறது. இழுத்தால் படிகமாகும் இயல்பும் பெரும்பாலும் அழியாமல் நிற்பது இதன் தனிச்சிறப்பு. காற்றைக் கசியவிடாத குணமும் எண்ணெயைத் தாங்கும் குணமும் கூடவே வந்துசேர்கின்றன. எஞ்சிய அமிலத்தால் வெப்பத்தில் விரைவில் முதுமையுறுவது இதன் குறை. கால்சியம் ஸ்டியரேட் போன்ற காரப்பொருள் சேர்த்து அக்குறையைத் தணிக்கின்றனர்.

1992 இல் மிஷ்லின் நிறுவனம் கரிப்பொடிக்கு மாற்றாகச் சிலிக்காவைப் பேரளவில் இட்ட ‘பசுமை’ டயரைக் கொணர்ந்தபோது இந்த ரப்பரின் மதிப்பு வேறொரு வகையில் துலங்கிற்று. சிலிக்கா, நீரை விரும்பும் இயல்பினது. எண்ணெய்த்தன்மையுடைய ரப்பரோடு ஒட்டாமல் தன்னுள் திரண்டு கட்டியாகும். செயற்கை ரப்பரில் அதனைக் கலக்கச் சிலேன் என்னும் இணைப்புப்பொருள் தேவை. ஆக்சிஜன் ஏறிய இயற்கை ரப்பரோ சிலிக்காவைத் தானாகவே பற்றிக்கொள்கிறது. எனவே எரிபொருள் சிக்கனமும் ஈரப் பற்றும் ஒருங்கே கிடைக்க வழி பிறந்தது. ஜப்பானின் சுமிடோமோ நிறுவனம் இவ்வகை ரப்பரைப் பயன்படுத்தி, 2008 இல் மூலப்பொருளில் 97 விழுக்காடு நிலத்தடி எண்ணெயையும் நிலக்கரியையும் சாராத கார் டயரையும், 2013 இல் அவற்றை அறவே விலக்கிய டயரையும் விற்பனைக்குக் கொணர்ந்தது. மலேசிய ரப்பர் வாரியம் எப்பாக்சி ஏற்றிய ரப்பரை எக்கோபிரீனா என்னும் பெயரிலும், புரதம் நீக்கிய தூய ரப்பரைப் பியூரிபிரீனா என்னும் பெயரிலும் வழங்குகிறது.

பினாங்கில் 1969 இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இவ்வாராய்ச்சியை அம்மாநிலத்துக்கே கொண்டுவந்தது. அதன் பொறியியல் வளாகம் 2001 முதல் நிபோங் திபாலில், முன்பு பெருந்தோட்டங்கள் சூழ்ந்திருந்த டிரான்ஸ்கிரியானில் இயங்குகிறது. பேராசிரியர் ஹனாஃபி இஸ்மாயிலும் அவருடைய மாணவரும் எண்ணெய்ப்பனை மரத்தூள், நெல்லுமிச் சாம்பல், மூங்கில் நார் ஆகியவற்றை இயற்கை ரப்பரில் கலந்து, கரி, சிலிக்கா போன்ற விலையுயர்ந்த நிரப்பிகளுக்கு எந்த அளவில் ஈடாகும் எனப் பரிசோதித்துள்ளனர். உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவே. ஆலைகளில் கழிவாகக் குவிவது டயரின் மூலப்பொருளாக மாறக்கூடுமென்பது இந்நாட்டுக்குப் பெரிய ஆதாயம்.

எதிர்கால ஆராய்ச்சியின் முன் இரண்டு இடையூறுகள் உள்ளன. டயரில் விரிசல் விழாமலிருக்க இடும் 6பிபிடி என்னும் காப்புப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு கூடி மாறிய வஸ்து, மழைநீரோடு ஆற்றிலிறங்கிக் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதாக 2020 இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டதால், அதற்கு மாற்று தேட வேண்டியுள்ளது. மற்றொன்று, மலேசியாவின் விளைச்சலே வற்றிவருவது: 1988 இல் 16 இலட்சம் டன்னைத் தாண்டிய உற்பத்தி அண்மை ஆண்டுகளில் 4 இலட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது, பால்மரம் நின்ற நிலங்களில் எண்ணெய்ப்பனை நிற்கிறது, நாட்டின் ரப்பர் ஆலைகள் தாய்லாந்திலிருந்தும் ஐவரி கோஸ்ட்டிலிருந்தும் கட்டிப்பால் தருவிக்கின்றன.