'மனசு சரியில்லை' என்று ஒருவர் சொன்னால்...

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எத்தனை நாளாக, குளிர் இருக்கிறதா, சாப்பிட்டாரா என்று விசாரிக்கிறோம். அவரே "மனசு சரியில்லை" என்று சொன்னால், "கண்டதையும் நினைக்காதே, போய்ப் படு" என்று முடித்துவிடுகிறோம். விக்கிரமங்கலம் போன்ற நம் ஊர்களில் கோபம், பயம், துக்கம், அவமானம், சலிப்பு எல்லாமே இந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிடுகின்றன. கணவர் வெளிநாட்டில் இருக்க, தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணும் இதைத்தான் சொல்கிறார். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனும், கடன் வாங்கிப் பயிர் வைத்த விவசாயியும் இதையேதான் சொல்கிறார்கள். மூவரின் வேதனையும் ஒன்றல்ல. தீர்வும் ஒன்றாக இருக்க முடியாது.

உணர்வுகளைப் பிரித்து அறிதல்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பிரித்து எழுதியவர் அபூ ஸைத் அல்பல்கீ. இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியில் பிறந்து, கி.பி. 934இல் மறைந்த அறிஞர். உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். உள்ளத்தின் தொல்லைகளைக் கோபம், பயம், துக்கம், விடாமல் துரத்தும் வீண் எண்ணங்கள் (வஸ்வாஸ்) என நான்காக வகுத்தார்.

துக்கத்தையும் இரண்டாகப் பிரித்தார். இழப்பு போன்ற தெரிந்த காரணத்தால் வருவது ஒன்று. காரணமே தெரியாமல் வருவது மற்றொன்று. முதலாவதற்கு ஆறுதலும் நல்ல பேச்சும் உதவும் என்றும், இரண்டாவதற்கு உடலோடு தொடர்பு இருப்பதால் மருத்துவமும் தேவை என்றும் கருதினார். மனச்சோர்வு ஈமானின் குறை என்று பேசுவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

ஏர்வாடி தந்த பாடம்

இந்தப் பிரிவினை தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் பார்த்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வருவோருக்காகத் தனியார் நடத்திய மனநல இல்லம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சில நாட்களில் அங்கிருந்த இத்தகைய இல்லங்களை அரசு மூடியது. உச்ச நீதிமன்றமும் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. நோய் என்று தெரியாமலும், தெரிந்தபோது போக இடம் இல்லாமலும், ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சத்தாலும் தவித்தவர்கள் பலர். இது ஒரு மதத்தாரின் கதையும் அல்ல. நமக்கு அருகே குணசீலம் பெருமாள் கோயிலிலும் மனநலம் குன்றியவர்களை 48 நாட்கள் தங்கவைக்கும் வழக்கம் உண்டு.

பின்னாளில் 'மருந்தும் துஆவும்' என்ற திட்டம் ஏர்வாடிக்கு வந்தது. குஜராத்தின் உனாவா தர்காவில் முன்பே நடந்த முயற்சி அதற்கு முன்மாதிரி. துஆவுக்கு வருபவர் அங்கேயே மனநல மருத்துவரையும் பார்க்கலாம். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. அரசு மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாகவும் ஆக்கியிருக்கிறது.

அன்றாடம் நாம் செய்யக்கூடியவை

1. பெயர் சொல்லுங்கள். 'மனசு சரியில்லை' என்பதற்குப் பதிலாக, 'மகன் பேசாதது வருத்தமாக இருக்கிறது', 'கடனை நினைத்தால் பயமாக இருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். பெயர் வைத்த உணர்வின் வேகம் சற்றுக் குறையும். அடுத்து என்ன செய்வது என்பதும் தெரியும்.

2. உடம்பைக் கவனியுங்கள். நெஞ்சுப் படபடப்பு, வயிற்றுக் கலக்கம், தீராத உடம்புவலி ஆகியவற்றின் பின்னால் கவலை இருக்கலாம். கோபம் ஏறும்போது பேச்சை நிறுத்தி, உட்கார்ந்து, மூச்சை மெதுவாக நீளமாக விடுங்கள்.

3. தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். ஒரே நேரத்தில் படுத்து எழுவதும், படுக்கையில் செல்போனை ஒதுக்குவதும், தினமும் சற்று நடப்பதும் செலவில்லாத மருந்துகள்.

4. நல்ல நேரத்தில் சேமியுங்கள். வீட்டில் மருந்து வாங்கி வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே ஆறுதலான எண்ணங்களைச் சேர்த்து வைக்கச் சொன்னார் பல்கீ. யாரிடம் பேசினால் மனம் இலேசாகும் என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

5. கேளுங்கள். அறிவுரை சொல்வதற்கு முன் பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்பது பெரிய உதவி.

எப்போது மருத்துவரிடம் போவது?

வருத்தமோ, எதிலும் பிடிப்பின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் தினமும் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல் போனால் தாமதிக்க வேண்டாம். இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலும் அப்படியே. மாவட்ட மனநலத் திட்டம் நம் மாவட்டத்திலும் உண்டு. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

"இருந்து என்ன பயன்" என்று ஒருவர் சொன்னால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தைக் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஏர்வாடிச் சங்கிலிகள் ஒரே நாளில் பூட்டப்பட்டவை அல்ல. அவற்றுக்கு வெகு முன்பே, ஏதோ ஒரு வீட்டில் ஒருவர் "மனசு சரியில்லை" என்று சொல்லியிருப்பார். இன்று நம் வீட்டில் யாராவது அதைச் சொன்னால், "என்ன செய்கிறது, எத்தனை நாளாக?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம்.